பேனாவும் பென்சிலும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளா?

வேர்தேடி:
லத்தீன் வேர்களைப் பற்றி நேற்று வாத்தியார் இங்கே ஒரு பட்டியல் போட்டிருந்தார். மேனுவல், மேனுஸ்கிரிப்ட், மேனிக்யூர் மூன்றும் கையைக் குறிக்கும் ‘மனுஸ்’ என்ற சொல்லில் பிறந்தவை என்றார். அதுவரை சரி. அடுத்த வரியில் பென், பென்சில், பெனிசிலின் மூன்றுக்கும் ‘இறகு’ என்று ஒரே வேரைக் கொடுத்துவிட்டார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. பென் மட்டும்தான் இறகு. லத்தீனில் ‘பென்னா’ என்றால் இறகு, அதைச் சீவித்தான் எழுதினார்கள். பென்சில் வந்தது ‘பெனிகில்லுஸ்’ என்ற சொல்லிலிருந்து. அதற்குச் சின்ன வால் என்று பொருள், தூரிகைக்கு ஆகிவந்த பெயர். இறகு வேறு, வால் வேறு.

பழைய_வாத்தியார்:
31 வருடம் ஆங்கிலம் நடத்தியவன் நான். பென் என்ற மூன்று எழுத்து பென்சிலில் அப்படியே இருக்கிறது. இரண்டும் எழுதத்தான் பயன்படுகின்றன. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

காற்றாடி:
சார் சொல்வதுதான் எனக்கும் சரியாகப் படுகிறது. எழுத்தும் ஒன்று, வேலையும் ஒன்று.

வேர்தேடி:
தீபகற்பத்தைக் குறிக்கும் பெனின்சுலாவிலும் அதே மூன்று எழுத்து இருக்கிறது. அது ‘கிட்டத்தட்ட’ என்ற சொல்லும் ‘தீவு’ என்ற சொல்லும் சேர்ந்தது. பெனால்ட்டியில் இருக்கிறது, அது தண்டனை. பெண்டுலத்தில் இருக்கிறது, அது தொங்குவது. இவையும் இறகில் முளைத்தவையா?

வேலை ஒன்று என்பதும் பிற்பாடு வந்ததுதான். ஆங்கிலத்தில் 14-ஆம் நூற்றாண்டிலேயே பென்சில் என்ற சொல் உண்டு. அப்போது அது ஓவியரின் மெல்லிய தூரிகை. இங்கிலாந்தின் பாரோடேலில் 16-ஆம் நூற்றாண்டில் கிராஃபைட் கிடைத்து, அதைக் குச்சியாக்கி எழுத ஆரம்பித்த பிறகுதான் பெயர் அதன்மேல் ஏறியது. பெனிசிலினும் தூரிகைதான். அந்தப் பூஞ்சையை உருப்பெருக்கியில் பார்த்தால் தூரிகை மாதிரி இருக்கும். அதனால் 1809-இல் பெனிசிலியம் என்று பெயர் வைத்தார்கள். ஃபிளெமிங் 1928-இல் கண்டுபிடித்த மருந்துக்கு அதிலிருந்து பெயர் வந்தது. இதில் இறகு எங்கே இருக்கிறது?

மூன்றாம்_சுழி:
வேர் என்று எதைச் சொல்கிறீர்கள்? லத்தீனோடு நிறுத்திக்கொள்வதா, அதற்கும் முந்தைய மொழிக்குப் போவதா? அதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பேசலாமே.

பழைய_வாத்தியார்:
தூரிகை செய்ய இறகைப் பயன்படுத்தியிருக்க மாட்டார்களா? அப்படிப் பார்த்தால் மறுபடியும் இறகுதான். வால் என்பதெல்லாம் தம்பியின் கற்பனை.

வேர்தேடி:
கற்பனை இல்லை. பழைய ரோமின் பேச்சாளரும் எழுத்தாளருமான சிசரோவே ஒரு கடிதத்தில் எழுதியிருக்கிறார்: முன்னோர் வாலை ‘பெனிஸ்’ என்றார்கள், அந்தச் சாயலால்தான் பெனிகில்லுஸ் என்ற பெயர் வந்தது என்று. ரோமில் பிறந்து வளர்ந்த மொழிக்கு அவரைவிடப் பெரிய சாட்சி யார்?

காற்றாடி:
பிள்ளைகளும் படிக்கிற இடம் இது. அந்தச் சொல்லைப் போடாமல் இருந்திருக்கலாம்.

வேர்தேடி:
சொல்லின் வரலாற்றை மறைத்துவிட்டு எப்படிச் சொல் ஆராய்ச்சி செய்வது? அது வால் என்று கூடவே எழுதியிருக்கிறேன்.

நம் மொழியிலேயே பாருங்கள். ‘பத்திரத்தைப் பத்திரமாக வை’ என்கிறோம். இரண்டும் எழுத்துக்கு எழுத்து ஒன்று. முதலாவது வடமொழியின் ‘பத்ர’, இறகு, இலை என்று பொருள். இரண்டாவது வடமொழியில் ‘bhadra’ என்று ஒலிக்கிற வேறொரு சொல், மங்கலம் என்று பொருள். எழுத்து ஒன்றானதால் வேர் ஒன்றாகிவிடாது. இன்னொன்று, அந்த முதல் பத்திரமும் லத்தீன் பென்னாவும் ‘பறத்தல்’ என்ற ஒரே ஆதி வேரில் வந்தவை. அதாவது பேனாவுக்குப் பத்திரிகை உறவு, பென்சில் உறவில்லை!

தமிழ்க்கிளை:
பத்திரத்தை வடமொழிக்கு எழுதிக்கொடுக்க நீங்கள் யார்? மாலை என்றால் பொழுது, மாலை என்றால் பூச்சரம். உதாரணம் வேண்டுமானால் தமிழிலேயே கிடக்கிறது. எதற்கெடுத்தாலும் வடக்கே ஓடுவதே சிலருக்கு வழக்கமாகிவிட்டது.

வேர்தேடி:
பத்திரம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் தமிழுக்கு என்ன குறை வந்துவிடும்? நான் கேட்டது பென்சிலைப் பற்றி.

தமிழ்க்கிளை:
நான் கேட்டது பத்திரத்தைப் பற்றி. பதிலைக் காணோம்.

மூன்றாம்_சுழி:
வேர் என்றால் என்ன என்று நான் கேட்டதற்கும் பதிலைக் காணோம்.

பழைய_வாத்தியார்:
இவருக்கு என் மேல் போன மாதத்துக் கோபம் இன்னும் தீரவில்லை. சாலரி என்ற சொல் உப்பில் பிறந்தது என்றேன், ரோமானிய வீரர்களுக்கு உப்பையே கூலியாகக் கொடுத்தார்கள் என்றேன். அன்றும் இப்படித்தான் குறுக்கே வந்தார்.

வேர்தேடி:
அன்றும் சரியாகத்தான் வந்தேன். சாலரிக்கு வேர் உப்பு என்பதை நான் மறுக்கவே இல்லை. உப்பை அளந்து கூலி கொடுத்தார்கள் என்பதற்குத்தான் சாட்சி கேட்டேன். நீங்கள் ரோமானிய எழுத்தாளர் ப்ளினியைச் சொன்னீர்கள். அந்தக் கூலியின் பெயர் உப்பிலிருந்து வந்தது என்றுதான் அவர் சொல்கிறார், மூட்டை கட்டிக் கொடுத்தார்கள் என்று சொல்லவில்லை. இன்றுவரை வேறு சாட்சி வரவில்லை.

பழைய_வாத்தியார்:
நம் சம்பளத்திலேயே ‘அளம்’ இருக்கிறதே! உப்பளத்தில் இருக்கிற அதே அளம். இது போதாதா?

வேர்தேடி:
மறுபடியும் எழுத்தைப் பார்த்தே வேர் சொல்கிறீர்கள், ஐயா. பென்சிலிலும் இதைத்தான் செய்தீர்கள்.

தமிழ்க்கிளை:
சம்பளத்தையும் வடமொழிக்குக் கொடுக்கப் போகிறீர்களா?

பழைய_வாத்தியார்:
பென் என்ற மூன்று எழுத்து பென்சிலில் இருக்கிறதா இல்லையா? அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.