ரவுட்டர் டெம்ப்ளேட்டுக்கும் டேபிள் டாப்புக்கும் ஹெச்.டி.எஃப். ஷீட்: சென்னையில் என்ன பெயர் சொல்லிக் கேட்பது?

செதுக்கு:
ரவுட்டருக்கு (மரத்தில் விளிம்பும் பள்ளமும் வெட்டும் சுழல் கருவி) டெம்ப்ளேட், அதாவது வழிகாட்டும் அச்சுப் பலகை, வெட்ட 6, 12 மி.மீ., ரவுட்டர் டேபிளின் மேல்பலகைக்கு 18 மி.மீ. ஹெச்.டி.எஃப். (மரநாரை இறுக்கி அழுத்திச் செய்த அடர்த்தியான பலகை) வேண்டும். கடைகளில் கேட்டால் அதைவிட அடர்த்தி குறைந்த சாதா எம்.டி.எஃப். எடுத்துப் போடுகிறார்கள். இல்லையென்றால் பச்சை நிறப் பலகையைக் காட்டி "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார்கள். எந்தப் பெயரில் கேட்டால் சரியான சரக்கு வரும்? கடையிலேயே அடர்த்தியைச் சரிபார்க்க வழி உண்டா? டெம்ப்ளேட்டுக்கு முழு எட்டுக்கு நாலு ஷீட் தேவைப்படாது, துண்டாகக் கிடைக்குமா?

பட்டறைக்காரன்:
பிளைவுட் கடையில் ஹெச்.டி.எஃப். என்றால் தரைக்குப் போடும் லேமினேட் பலகை என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். "ஹெச்.டி.ஹெச்.எம்.ஆர்., ப்ளெயின், ரெண்டு பக்கமும் சாண்டிங் பண்ணது" என்று கேளுங்கள். அடர்த்தி அதிகமான, ஈரம் தாங்கும் பலகைக்கு அதுதான் பெயர். ஆக்‌ஷன் டெசா கம்பெனி இந்தப் பெயரில்தான் விற்கிறது. மற்ற கம்பெனிகளிலும் இதே ரகம் வேறு பெயரில் உண்டு. சென்னையில் பெரியமேடு சைடன்ஹாம்ஸ் ரோடு பக்கம் பிளைவுட் கடைகள் வரிசையாக இருப்பதால் ஒரே நடையில் நாலு கடை விசாரித்துவிடலாம். 18 மி.மீ. எளிதில் கிடைக்கும். மெல்லிய ஷீட்டில் கம்பெனிக்குக் கம்பெனி கனம் மாறும். 6 கேட்டால் 5.5 வரலாம், அதனால் வெர்னியர் கொண்டுபோங்கள்.

நிறத்தை நம்பவே வேண்டாம். பச்சை என்பது கலந்த சாயம் மட்டும், அடர்த்தியைப் பற்றி அது எதுவும் சொல்லாது. எடைதான் சொல்லும். கடையில் ஒரு வெட்டுத்துண்டு வாங்கி 10 செ.மீ. சதுரமாக அறுத்துத் தராசில் வையுங்கள். 18 மி.மீ. கனத்தில் அது 180 கன செ.மீ. வரும். 150 கிராமுக்கு மேல் காட்டினால் கன மீட்டருக்கு 850 கிலோவை ஒட்டிய பலகை, அதுதான் உங்களுக்கு வேண்டியது. 130 கிராம் பக்கம் நின்றால் அது எம்.டி.எஃப்., எந்த முத்திரை குத்தியிருந்தாலும் சரி. முழு ஷீட் என்றால் 18 மி.மீ. சுமார் 45 கிலோ இருக்கும். எம்.டி.எஃப். 40 கிலோவைத் தாண்டாது.

அப்படியே அறுத்த விளிம்பையும் பாருங்கள். எந்த ஃபைபர் பலகையிலும் மேலும் கீழும் இறுக்கம் அதிகம், நடுவில் குறைவு. நகத்தால் நடுப்பகுதியைக் கீறினால் பஞ்சு மாதிரி பிரிந்து வந்தால் அதில் ஸ்க்ரூ நிற்காது.

இழைப்புளி:
துண்டுச் சரக்குக்குப் பிளைவுட் கடை சரிப்படாது. ஜாலி டிசைன் வெட்டும் சி.என்.சி. கடைகளிலும் மாடுலர் கிச்சன் செய்யும் பட்டறைகளிலும் கேளுங்கள். ஜாலிக்கு 8, 12 மி.மீ.தான் அதிகம் ஓடும், 2 அடிக்கு 1 அடித் துண்டுகள் மிச்சமாகிக் கிடக்கும். எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம். வளைந்திருக்கிறதா என்று ஸ்டீல் ஸ்கேலை மூலைக்கு மூலை வைத்துப் பார்த்த பிறகு காசு கொடுங்கள்.

ஃப்ளோரிங் போடுபவர்களிடம் மிஞ்சும் 8 மி.மீ. லேமினேட் பலகையையும் விட்டுவிடாதீர்கள். உள்ளே இருப்பது ஹெச்.டி.எஃப்., மேல்தோல் தேய்மானம் தாங்கும். ஃபென்ஸுக்கும் (மரத்தை அணைத்து ஓட்டும் தடுப்பு) ஸ்லெட்டுக்கும் (மரத்தை வைத்துத் தள்ளும் தட்டு) அதைவிட நல்ல பொருள் மலிவில் கிடைக்காது. மேல்தோல் பிளேடைச் சீக்கிரம் மழுக்கும், அது ஒன்றுதான் குறை. அகலம் 19 செ.மீ. அளவே வருவதால் பெரிய டெம்ப்ளேட்டுக்கு ஆகாது.

டெம்ப்ளேட் கனத்தை முடிவு செய்யும் முன் ரவுட்டரில் எந்த முறை என்று பாருங்கள். பேரிங் பிட் (டெம்ப்ளேட் விளிம்பில் உருளும் பேரிங் பொருத்திய பிட்) என்றால் 12 மி.மீ. எடுங்கள், பேரிங் முழுதாக ஓட விளிம்பு வேண்டும். கைடு புஷ் (ரவுட்டர் அடியில் பிட்டைச் சுற்றி மாட்டி, டெம்ப்ளேட்டை ஒட்டி ஓடும் வளையம்) என்றால் 6 மி.மீ. போதும், ஆனால் புஷ்ஷின் கழுத்து டெம்ப்ளேட் கனத்தைவிடக் குட்டையாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் அது கீழே மரத்தில் முட்டி, ரவுட்டர் ஆடும். கழுத்தை 5 மி.மீ.க்கு அரத்தால் ராவிவிடுங்கள்.

செதுக்கு:
நன்றி அண்ணே. டேபிள் டாப்புக்கு 18 மி.மீ. ஒன்று போதுமா? ஓரத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் பிளக்குமா?

பட்டறைக்காரன்:
18 ஒன்று மட்டும் போட்டால் ரவுட்டர் எடையில் நாளாக ஆக நடுவில் தொய்யும். இரண்டை ஒட்டி 36 மி.மீ. ஆக்குங்கள். ஃபெவிகாலை முழுப் பரப்பிலும் ரோலரில் தேய்த்து, சமதளத்தில் வைத்து, 24 மணி நேரம் பாரம் ஏற்றுங்கள். மைக்கா ஒட்டினால் அடிப்பக்கமும் ஒட்டுங்கள். மேலே மட்டும் ஒட்டினால் இரு பக்கமும் ஈரத்தை வேறு வேறு அளவில் இழுத்து, மழைக்காலத்தில் பலகை வளையும்.

ஓர ஸ்க்ரூ பிளக்கத்தான் செய்யும், வழித்துளை போடாவிட்டால். 4 மி.மீ. ஸ்க்ரூவுக்கு 3 மி.மீ. பிட்டில், ஸ்க்ரூ இறங்கும் ஆழத்தைவிட 2 மி.மீ. கூடுதலாகத் துளையிடுங்கள். மூலையிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி. முறுக்கும்போது இரு முகங்களையும் க்ளாம்ப்பில் பிடித்துக்கொண்டால் நடு அடுக்கு பிதுங்காது. ஒரே துளையில் அடிக்கடி கழற்றி மாட்டினால் மரை தேய்ந்து போகும், அந்த இடங்களில் இன்செர்ட் நட் (பலகைக்குள் பதிக்கும் உலோக மரை) போடுங்கள்.

இழைப்புளி:
ஏற்றிவரும்போதும் கவனம் வேண்டும். குட்டி யானையில் எட்டடி ஷீட் பின்னால் நீட்டிக்கொண்டு ஆடும், மூலை இடிபட்டால் வீங்கிப் பயனற்றுப் போகும். கடையிலேயே பேனல் சாவில் நாலுக்கு நாலாக அறுத்து வாங்குங்கள். அளவு சொல்லும்போது பிளேடு தின்னும் 3 முதல் 4 மி.மீ.யைச் சேர்த்துச் சொல்லுங்கள். வீட்டில் சுவரில் சாய்க்காமல், 60 செ.மீ.க்கு ஒன்றாக ஒரே உயர ரீப்பர் வைத்துப் படுக்கப் போடுங்கள். வெட்டின விளிம்புகளுக்கு சாண்டிங் சீலர் இரண்டு கை. தூள் மிக நுண்ணியது, பசையும் கலந்தது, எனவே அறுக்கும்போது துணி கட்டினால் போதாது, என்95 மாஸ்க்கே போடுங்கள்.