கிளட்சை மிதித்தால் 'கிர்ர்', சாய்தளத்தில் கருகல் வாடை

கோட்டையூர்க்காரன்:
வாங்கும்போதே பழைய வண்டி, டீசல். நின்றால் நியூட்ரலுக்கு மாற்றும் பழக்கம் எனக்கு இல்லை. முகூர்த்த நாளில் காரைக்குடி செக்காலை ரோட்டில் மாட்டிக்கொண்டாலும் முதல் கியரில் கிளட்சை அடிவரை மிதித்தபடியே உட்கார்ந்திருப்பேன். அம்பாசிடர் ஓட்டிப் பழகிய அப்பச்சி பக்கத்தில் இருந்தால் "காலை எடுடா" என்று தொடையில் தட்டுவார்.

இரண்டு வாரமாக கிளட்சை மிதித்தால் 'கிர்ர்' என்று சத்தம்; காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. வீட்டுச் சாய்தளத்தில் கருகல் வாடை வேறு. எங்கள் வீடு ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். பின்வாசலில் ஹாரன் அடித்தால், முகப்பில் இருக்கும் அப்பத்தா வளவு, இரண்டாம் கட்டு எல்லாம் தாண்டி வந்து கேட்டைத் திறக்க மூன்று நிமிடம் ஆகும். அதுவரை பாதிக் கிளட்சில் வண்டியைச் சரிவிலேயே பிடித்து வைத்திருப்பேன். இரண்டும் ஒரே கோளாறா?

தேவகோட்டை மெக்கானிக்:
இல்லை தம்பி, வேறு வேறு. மிதித்தால் மட்டும் சத்தம் என்றால் முதல் சந்தேகம் ரிலீஸ் பேரிங் மேல்தான். நீங்கள் மிதித்திருக்கும் நேரம் முழுக்க, சுற்றிக்கொண்டிருக்கும் பிரஷர் பிளேட்டை (கிளட்ச் பிளேட்டை இன்ஜினோடு சேர்த்து அமுக்கும் தகடு) அது அழுத்திப் பிடித்திருக்கிறது. (நியூட்ரலில் காலை எடுத்தால் சத்தம், மிதித்தால் இல்லை என்றால் கியர்பாக்ஸின் இன்புட் ஷாஃப்ட் பேரிங்கைப் பார்க்க வேண்டும்.)

வாடை, கிளட்ச் பிளேட்டுடையது. முழுசாக மிதித்தால் பிளேட் உராயாது. பாதிக் கிளட்சில் இன்ஜின் சுற்றும், வண்டி நகராது. நடுவில் மாட்டிய பிளேட் தேய்ந்து சூடாகும். ஆக, செக்காலை ரோடு பேரிங்கைத் தின்றது. அப்பத்தா நடக்கிற மூன்று நிமிடம் பிளேட்டைத் தின்கிறது.

கீழே தெருவிலேயே நிறுத்தி, நியூட்ரல் போட்டு ஹாரன் அடியுங்கள். சரிவில் நின்றே ஆக வேண்டுமென்றால் ஹேண்ட் பிரேக். கிளம்பும்போது முதல் கியரில் கிளட்சை மெல்ல விட, வண்டி முன்னால் இழுக்கும். அப்போது பிரேக்கை விடுங்கள். பேரிங் சின்னச் சாமான்தான், ஆனால் அதற்கும் கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். இறக்கினால் பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் செட்டாக மாற்றிவிடுங்கள். இரண்டு தடவை கூலி கொடுக்காதீர்கள்.

புதுவயல் டிரைவர்:
அண்ணன் சொன்னது சரி. ஒன்று மட்டும்: பெரிய ரோட்டில் நின்றவுடனே நியூட்ரலுக்குப் போகாதீர்கள். பின்னால் வரும் லாரி நிற்கிறதா என்று கண்ணாடியில் பார்க்கும் வரை முதல் கியரில் இருங்கள், அவசரத்தில் முன்னால் நகர முடியும். அவன் நின்றதும் காலை எடுத்துவிடலாம்.

கோட்டையூர்க்காரன்:
கியர்பாக்ஸை இறக்கியாச்சு. பிளேட் தேய்ந்து ரிவெட் தலை தெரிகிறது. பழைய பேரிங்கை அப்பச்சி விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒன்றுமே சொல்லாமல் திண்ணையில் வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை. பின்கேட்டுக்கு வெளிப்பூட்டு போட்டு, சாவியைக் கார் சாவியோடு கோத்துக்கொண்டேன்.