பனங்கள்ளில் அழுகல் முட்டை மணமும் மருந்து வாடையும்: கோளாறு மரத்திலா, முட்டியிலா?

பூநகரிப் பனையடி கேட்டது:
வணக்கம். எங்கள் வளவுப் பனைகளில் மாமா அனுமதியுடன் கள்ளு இறக்குகிறார். ஒரே வேளையில் இறக்கிய முட்டிகளுள் (கள்ளு சேர மரத்தில் கட்டும் மண்பானைகளுள்) சில இனிப்பும் இலேசான புளிப்புமாக நன்றாக இருக்க, வேறு சிலவற்றில் அழுகிய முட்டையின் மணம் வருகிறது. பின்னேரக் கள்ளில் இது கூடுதலாக உள்ளது. வெள்ளத்துக்குப் பிறகு கிணற்றுக்குக் குளோரின் போட்டதிலிருந்து, பிளாஸ்ரிக் கலன்களில் ஊற்றி வைக்கும் கள்ளில் ஆசுப்பத்திரி வாடை போன்ற ஒன்றும் சேர்ந்திருக்கிறது. எல்லாம் மரத்தின் குணம் என்கிறார் மாமா. இவை இரண்டும் ஒரே கோளாறா?

நொதியம் எழுதியது:
இல்லை, இரண்டுக்கும் தொடர்பில்லை. முட்டை மணம் ஐதரசன் சல்பைட்டு என்ற வாயுவினால் வருவது. கள்ளைப் புளிக்கவைப்பது மதுவம் (ஈஸ்ட்) மட்டுமன்று. சைமோமோனாசு என்ற பற்றீரியாவும் அதே வெல்லத்தை அல்ககோலாக மாற்றுகிறது. கள்ளில் அது இயல்பாகவே இருப்பதுதான், ஆனால் மிஞ்சிப் பெருகினால் இந்த மணத்தையும் அடிபட்ட அப்பிள் பழத்தின் மணத்தையும் தருகிறது. பியர் வடிப்போர் இதே கிருமியைக் கெடுதிக் கிருமியாகவே பார்க்கிறார்கள். 30 பாகை செல்சியசை அண்டிய வெப்பம் அதற்கு மிகவும் ஏற்றது என்பதால், காலையில் கட்டிப் பகல் வெயில் முழுவதும் மரத்தில் தொங்கிய முட்டியில் மணம் கூடுவதில் வியப்பில்லை.

ஆசுப்பத்திரி வாடை வேறு விடயம். கழுவிய நீரில் எஞ்சிய குளோரின், பானத்திலுள்ள பீனோல் சேர்மங்களுடன் கூடிக் குளோரோபீனோல்களை உண்டாக்குகிறது. இவை மிகச் சிறிய அளவிலேயே நாக்கில் தெரிந்துவிடும். கலன்களைக் கொதித்து ஆறிய நீரால் அலசுங்கள். உட்புறம் கீறல் விழுந்த கலனைக் கள்ளுக்கு வைத்திருக்க வேண்டாம், ஏனெனில் கீறலுக்குள் தங்கும் அழுக்கை எந்தத் தூரிகையும் எட்டாது.

பாளைக்கத்தி எழுதியது:
விஞ்ஞானம் சரி, ஆனால் மாமாவுடன் வாதாடுவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மணக்கும் முட்டியையும் மணக்காத முட்டியையும் அடையாளமிட்டு, மரம் மாற்றிக் கட்டுங்கள். மணம் முட்டியோடு போனால் குற்றம் முட்டியில். மரத்தோடு நின்றால் பாளையின் சீவுமுகத்தை, அதாவது கள்ளு வடியும் வெட்டுவாயை, பாருங்கள். முட்டியோடுதான் போகும் என்பது என் எண்ணம். அடியில் படிந்த பழைய மண்டியை விட்டால் கள்ளு விரைவாகப் பொங்கும் என்று சிலர் முட்டியைக் கழுவுவதேயில்லை. மண் முட்டியின் நுண்துளைகளில் அது ஊறிக் கிடக்கும். தும்பால் தேய்த்து, கொதிநீர் ஊற்றி, கவிழ்த்து வெயிலில் நன்றாகக் காயவிட்டுப் பிறகு கட்டுங்கள்.

முள்ளியவளை வாசகி எழுதியது:
முட்டியின் உட்புறத்தில் சிறிது சுண்ணாம்பு பூசினால் கிருமி அடங்காதா?

பாளைக்கத்தி எழுதியது:
அடங்கும், தங்கச்சி, ஆனால் மதுவமும் சேர்ந்து அடங்கிவிடும். அப்போது இறங்குவது புளிக்காத இனிப்புச் சாறான கருப்பணி (பதநீர்), கள்ளன்று. பூசியது கூடினால் வாயில் சவர்க்காரம் போல வழுவழுக்கும். இரண்டுங்கெட்டான் அளவில் பூசிக் கள்ளு இறக்குவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

பூநகரிப் பனையடி எழுதியது:
நன்றி. முட்டிகளை இன்றே மாற்றிக் கட்டச் சொல்கிறேன். ஏற்கெனவே கலனில் உள்ள கள்ளைக் காப்பாற்ற வழியுண்டா?

நொதியம் எழுதியது:
முட்டை மணமுள்ளதை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு உயர்த்தி ஊற்றிச் சிறிது நேரம் திறந்து வையுங்கள்; அந்த வாயு பெரும்பாலும் பறந்துவிடும். நாள் முழுவதும் அப்படித் திறந்து வைக்க வேண்டாம், காற்றுப் பட்டால் அசற்றிக் அமிலப் பற்றீரியா அல்ககோலை வினாகிரியாக்கத் தொடங்கும். மருந்து வாடையுள்ளதற்கு வழியில்லை. அது வினாகிரியிலும் தொடரும், ஊற்றிவிடுங்கள்.