ஸ்கில்ஸ்ஃபியூச்சர் காசுல படிக்கப் போனவங்க அனுபவத்த சொல்லுங்க

யீஷூன் தம்பி
மூணு மாசமாச்சு, இன்னும் மனசுல அறுத்துக்கிட்டே இருக்கு. அப்பாவுக்கு 61, செக்யூரிட்டி வேலை, 12 மணி நேர ஷிப்ட். வேலைத்திறன் கத்துக்க சிங்கப்பூர் அரசாங்கம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கிரெடிட்டா குடுத்த 4,000 வெள்ளி சும்மாத்தானே கெடக்குன்னு நான்தான் வற்புறுத்தி ஒரு டிரெயினிங் சென்டருக்குக் கூட்டிட்டுப் போனேன். கவுண்டர்ல ஹையஸ்ட் குவாலிஃபிகேஷன் என்னன்னு கேட்டாங்க, அப்பா பையிலேர்ந்து பிளாஸ்டிக் ஃபோல்டர எடுத்தாரு, உள்ள உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி சர்ட்டிஃபிகேட், லேமினேட் போட்டு வீட்ல சாமி படத்துக்குப் பின்னாடி பத்திரமா வச்சிருந்தது. அந்தப் பொண்ணு கம்ப்யூட்டர்ல தேடிப் பாத்துட்டு "லிஸ்ட்ல இல்லையே அங்கிள்"ன்னுச்சு. 1982லயே மூடுன ஸ்கூலு, எங்கேர்ந்து வரும்? அப்ப இங்கிலீஷ் டெஸ்ட் எழுதுங்க, டபிள்யூபிஎல்என், அதான் வேலைக்கான எழுத்தறிவு, எண்ணறிவு டெஸ்டுன்னு சொல்லி ஒரு பேப்பர நீட்டுச்சு. அப்பா கைக்குட்டையால ஃபோல்டரத் தொடச்சு உள்ள வச்சாரு. "வாடா, ஷிப்டுக்கு நேரமாச்சு"ன்னாரு. அன்னிக்கி அவருக்கு ஆஃப் டே.

தேக்கா அக்கா
படிக்கவே கண்ணு கலங்குது தம்பி. எனக்கு 46, பதினஞ்சு வருஷம் வீட்லயே இருந்துட்டு பாயா லேபார் லைஃப்லாங் லர்னிங் இன்ஸ்டிட்யூட்ல சேர்ந்தேன். மொத நாளு மவுஸ் புடிக்க கை நடுங்குச்சு, பக்கத்துல இருந்த மலாய் ஆன்ட்டி ஒண்ணுமே பேசாம என் கை மேல கைய வச்சு நகத்திக் காட்டுனாங்க. அந்தக் கைச்சூடு இன்னும் ஞாபகம் இருக்கு.

ஜூரோங் அண்ணன்
"சும்மா கெடக்கு"ன்னு நெனச்சதுதான் தப்பு தம்பி. அந்த 4,000 வெள்ளி 2024 மே மாசம் 40 வயசு தாண்டுனவங்களுக்குக் குடுத்தது, காலாவதி கெடையாது, ஆனா எல்லா கோர்ஸுக்கும் செல்லாது, வேலைக்கு ஆகுற கோர்ஸ்னு அவங்க வகுத்து வச்சதுக்கு மட்டும்தான். 2020ல குடுத்த 500 வேற, அது 2025 டிசம்பர் 31ஓட காலாவதியாப் போச்சு, எனக்கும் அப்படித்தான் போச்சு, அன்னிக்கி ராத்திரி பதினோரு மணிக்கு அரசாங்க லாகின் சிங்பாஸ்ல நொழஞ்சு மிச்சமிருந்த அந்த நம்பரையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். நேரா சென்டருக்குப் போகாதீங்க. மொதல்ல வேலை, பயிற்சிக்கு வழிகாட்டுற இ2ஐ இல்லன்னா டபிள்யூஎஸ்ஜி அமைப்பு ஆளுங்கள்ட்ட ஒக்காந்து பேசுங்க. கோர்ஸ் ஃபீஸ்ல 90 விழுக்காடு வரைக்கும் கழிவு வர்ற கோர்ஸ் இருக்கு, அதுக்கப்புறம் மிச்சத்துக்கு மட்டும் கிரெடிட்ட எடுங்க. முழுநேரமா நீண்ட கோர்ஸ் படிச்சா சம்பளத்துல பாதி, மாசம் 3,000 வெள்ளி வரைக்கும் அலவன்ஸும் உண்டு, ஆனா எல்லா கோர்ஸுக்கும் கெடையாது, கேட்டுக்குங்க. டபிள்யூபிஎல்என் ஒண்ணும் பயப்படுற டெஸ்ட் இல்ல, அதுக்கே தனி வகுப்பு இருக்கு, அப்பாவ அதுல சேருங்க.

தேக்கா அக்கா
அண்ணே, நீங்க சொல்றது எல்லாம் சரி. ஆனா தம்பி வழி கேக்கலியே, அப்பா முகத்தப் பத்திதானே சொல்றாரு. அவரு படிச்சது படிப்புதான்னு அந்தக் கவுண்டர்ல ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரே டெஸ்ட் எழுத ஒக்காந்திருப்பாரு.

யீஷூன் தம்பி
அண்ணே, வகுப்பு விஷயம் தெரியாது, விசாரிக்கிறேன். அக்கா, அதேதான். நேத்து சாமி படத்துக்குப் பின்னாடி பாத்தேன், ஃபோல்டர் இல்ல. என் ரூம் அலமாரில, என் டிகிரி சர்ட்டிஃபிகேட்டுக்கு அடியில வச்சிருக்காரு.