மொட்டைமாடியில தேனீக்குப் பாடம் எடுத்த கதை: உங்க அனுபவத்தையும் எழுதுங்க

கடலூர் மஞ்சக்குப்பம், பிளஸ் டூ விலங்கியல் டீச்சர்:

மூணு வாரம் தேனீக்கு நிறம் சொல்லிக்கொடுத்தேன். கடைசியில அதுங்க கத்துக்கிட்டது எங்க வீட்டுத் தண்ணி டேங்க் எந்தப் பக்கம் இருக்குங்கிறதைத்தான். சிரிக்கிறவங்க சிரிச்சுக்கலாம், ஆனா முழுசாப் படிச்சுட்டுச் சிரிங்க.

பக்கத்து வீட்டுச் சுவர்ப் பொந்துல அடுக்குத் தேனீ கூடு வெச்சிருக்கு. தை பொறந்து மழை நல்லா விட்டதும், பிள்ளைங்க நாலு பேரைக் கூட்டிக்கிட்டு மாடியில ஆரம்பிச்சேன். ஒரு நீலச் சார்ட் அட்டை, ஒரு சிவப்பு அட்டை. ரெண்டு மேலயும் ஊறுகாய் பாட்டில் மூடி. நீலத்துல சர்க்கரையும் தண்ணியும் சரிபாதி கலந்த பாகு, சிவப்புல வெறும் தண்ணி. பாகு இருக்குன்னு தேனீக்கு யார் சொல்றது? பொந்துக்குக் கிட்டவே ஒரு மூடி வெச்சு, அதுங்க வந்து குடிக்க ஆரம்பிச்சதும் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்தி மாடிக்குக் கொண்டாந்தோம். அதுக்கே ரெண்டு நாள் போச்சு.

துணி காயப்போடுற கம்பியில குறுக்கா ஒரு கழியைக் கட்டி, போனைக் கவுத்துத் தொங்கவிட்டோம். தினம் 20 நிமிஷம் வீடியோ. எண்ணுற வேலை லாஸ்பேட்டையில இருக்கிற என் அக்கா பையன் எழுதின புரோகிராமோடது.

மூணாவது வாரம் பத்து வருகையில எட்டு நேரா நீலத்துக்கு. ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தரை விடல, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம், வகுப்புல வாயே திறக்காத ஒரு பொண்ணு கேட்டுச்சு: "டீச்சர், அட்டையை இடம் மாத்தி வெச்சுப் பார்த்தா என்ன?"

மறுநாள் மாத்தினோம். வந்த தேனீ பூரா டேங்க் பக்கம் இருந்த சிவப்பு அட்டையில போய் உட்கார்ந்துச்சு. நீலத்தை ஏறெடுத்தும் பார்க்கல. அதுங்களுக்குப் பாகுங்கிறது டேங்க் பக்கத்து அட்டை, அவ்வளவுதான்.

அதுக்கப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். முன்னாடியே படிச்சிருக்கணும், விலங்கியல் டீச்சர்தானே. ஆஸ்திரிய விஞ்ஞானி கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1914ல வெளியிட்ட ஆய்வுலயே எங்க எல்லாத் தப்புக்கும் பதில் இருக்கு. அவர் நீல அட்டை ஒண்ணை, வெளிர் சாம்பல்ல இருந்து கரும் சாம்பல் வரைக்கும் பல அட்டைங்களுக்கு நடுவுல வெச்சார். தேனீக்கு நிறம் தெரியாம, வெளிச்சத்தின் ஏற்ற இறக்கம் மட்டும் தெரியுதுன்னா ஏதாவது ஒரு சாம்பல் அட்டையில ஏமாந்து நிக்கணும். நிக்கல. இடத்தையும் மாத்திக்கிட்டே இருந்தார். நாங்க தேர்ந்தெடுத்த சிவப்பு இருக்கே, அது தேனீக்குத் தனி நிறமாவே படாது, கறுப்பு மாதிரிதான். பதிலுக்கு நமக்குத் தெரியாத புற ஊதா அதுக்குத் தெரியும். ஃபிரிஷுக்கு 1973ல நோபல் கொடுத்தது இதோட சேர்த்து, தீனி இருக்கிற இடத்தை ஆடிக் காட்டுற தேனீ நடனத்தைக் கண்டுபிடிச்சதுக்கும்.

ஜெராக்ஸ் கடையில சாம்பல் நிறத்துல ஒன்பது தினுசு பிரிண்ட் எடுத்தோம். கடைக்காரர் மெஷின் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக் காசு வாங்க மாட்டேன்னுட்டார். பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை இடமாற்றம். தேனீ உட்கார்ந்த இடத்துல வாசனை விட்டுட்டுப் போகும்னு மூடியையும் மாத்தினோம். ஆறாவது நாள் பரீட்சை: எல்லாம் கழுவின புது மூடி, எதுலயும் பாகு கிடையாது. ஒண்ணு வந்துச்சு, மேலயே ரெண்டு சுத்து சுத்துச்சு, நீலத்துல இறங்குச்சு. நாக்கை நீட்டிக்கிட்டு அந்தக் காலி மூடியோட விளிம்பைச் சுத்திச் சுத்தித் தடவிப் பார்த்துச்சு. அந்தப் பொண்ணு என் கையைப் புடிச்சுக்கிட்டா.

லேப் இல்லைன்னு புலம்புறப்பல்லாம் நான் நினைச்சுக்கிற ஆள் சார்ல்ஸ் ஹென்றி டர்னர். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் நகரத்துல பள்ளிக்கூட வாத்தியார், கறுப்பினத்தவர். தேனீக்கு நிறம் தெரியுமாங்கிற ஆய்வை 1910லயே வெளியிட்டவர். 1912ல, இருட்டுக்குள்ள போனா ஷாக் அடிக்கிற மாதிரி வெச்சு, கரப்பான்பூச்சியை இருட்டையே தவிர்க்க வெச்சார்.

உங்களுக்கு இப்படி ஏதாவது நடந்திருந்தா எழுதுங்க.

லாஸ்பேட்டை, மேல சொன்ன அக்கா பையன்:

சித்தி, வேஷ்டி கதையை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?

புரோகிராம் பெரிய வித்தை ஒண்ணுமில்லைங்க. 20 நிமிஷம்னா, செகண்டுக்கு 30 படம் கணக்குல 36,000 படம். அதுல அங்கங்க எடுத்து, ஒவ்வொரு புள்ளிக்கும் நடு மதிப்பைப் பார்த்தா தேனீ இல்லாத வெறும் மாடி கிடைக்கும். ஒவ்வொரு படத்துல இருந்தும் அதைக் கழிச்சா, மிச்சம் இருக்கிற கறுப்புப் பொட்டுதான் தேனீ. அடுத்த படத்துல எந்தப் பொட்டு கிட்ட இருக்கோ அதோட முடிச்சுப் போட்டா பாதை வந்துடும். மாடி நகராது, வெயில் மாறாதுன்னு நம்பி எழுதினது. ஒருநாள் வீடியோவுல ஒரு தேனீ 18 நிமிஷம் எடுத்துக்கிட்டு, அட்டையைக் குறுக்கால நேர்கோட்டுல கடந்து போகுது. புது நடத்தைன்னு சித்திக்கு ஒரே சந்தோஷம். பார்த்தா, சித்தப்பா வேஷ்டி முனையோட நிழல். கடல்காத்து எழுந்துட்டா போனும் ஆடும், மாடி முழுக்கத் தேனீ ஆயிடும். காலையில மட்டும் எடுக்க ஆரம்பிச்சதுக்கு அதுதான் காரணம்.

இன்னொண்ணு இதைவிட மோசம், இப்பதான் ஒத்துக்கிறேன். பத்துல எட்டு வருகைன்னு சொன்னோமே, எட்டு தேனீயா? ரெண்டு தேனீ மூடி விளிம்புல ஒட்டிக்கிட்டா ரெண்டு பொட்டு ஒண்ணாயிடும், பிரியுறப்ப எது எதுன்னு புரோகிராமுக்குத் தெரியாது. வெளிய போயிட்டுத் திரும்பி வந்தா புது ஆள்னு எண்ணிடும். தங்கச்சியோட நகப்பாலிஷை எடுத்து முதுகுல பொட்டு வெச்சுப் பார்த்தோம். வந்ததுல முக்காவாசி மூணே மூணு தேனீ. வகுப்பு முழுக்கப் பாஸுன்னு நினைச்சது மூணு பேர் திரும்பத் திரும்பப் பரீட்சை எழுதினது! ஆய்வகங்கள்ல முதுகுல குறி அச்சடிச்ச துணுக்கை ஒட்டி, கேமராவே ஆளைப் படிக்கிற மாதிரி செய்றாங்க. 2018ல வந்த டீப்லேப்கட் மாதிரி மென்பொருள் கால், உணர்கொம்பு வரைக்கும் தனித்தனியாத் தொடரும். எங்களுக்கு நகப்பாலிஷ்.

பண்ருட்டிப் பக்கம், முந்திரிக் கொல்லையும் நாலு தேன்பெட்டியும்:

டீச்சரம்மா, இடம்தான் அதுக்கு எல்லாம். பெட்டியைப் பகல்ல பத்தடி தள்ளி வெச்சா, மேயப் போனது பூரா பழைய இடத்துக்குத்தான் வரும். புதுப் பெட்டி கண்ணெதிர்ல இருக்கும், தெரியாது. நாங்க ராத்திரியில தூக்கி, தூரமாக் கொண்டுபோய் வெப்போம். காலையில வெளிய வர்றப்ப பெட்டியைப் பார்த்து மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு இப்படியும் அப்படியும் பறந்து அளந்துக்கும்.

2011 டிசம்பர் 30, தானே புயல். எங்க கொல்லையில மரம் நின்னதை எண்ணிடலாம், விழுந்ததை எண்ண முடியாது. அப்பா வெச்ச பெரிய மரம் ஒண்ணு, அதோட பொந்துல அடுக்குத் தேனீ பல வருஷமா இருந்துச்சு. மரம் வேரோட சாஞ்சு கெடக்கு. ரெண்டு நாள் கழிச்சுப் பார்க்கிறேன், ஆள் உயரத்துக்கு மேல, மின்ன பொந்து இருந்த அதே உயரத்துல, ஒண்ணுமே இல்லாத வெறுங்காத்துல கொஞ்சம் தேனீ சுத்திக்கிட்டு நிக்குது. நானும் அங்கயே நின்னேன்.

காலாப்பட்டு, பழ ஈ வைத்து ஆராய்ச்சி செய்பவர்:

வாழைப்பழத்தில் மொய்க்குமே, அந்தச் சின்ன ஈ. 1974ல் மரபியல் விஞ்ஞானி சீமோர் பென்சரின் ஆய்வகத்தில் இரண்டு வாசனை காட்டி, ஒன்றோடு மட்டும் மின் அதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். ஈக்கள் அந்த வாசனையைத் தவிர்த்தன. இரண்டு வருடத்தில், எவ்வளவு பழக்கினாலும் மண்டையில் ஏறாத ஒரு மரபணு மாற்ற வகை கிடைத்தது. பெயர் 'டன்ஸ்', அதாவது மக்கு.

டீச்சருக்கு ஒன்று சொல்லவேண்டும். டிராக்கிங் தருவது பூச்சி எங்கே இருந்தது என்பதை மட்டும். என் முதல் மாதத் தரவில் ஒரு பெட்டி ஈக்கள் அருமையாக 'நினைவில் வைத்திருந்தன'. தவறான பக்கம் போகவே இல்லை. பாதையைப் போட்டுப் பார்த்தால் அவை எந்தப் பக்கமுமே போகவில்லை. முந்தின இரவு கரண்ட் போய் இன்குபேட்டர் சூடாகியதில் துவண்டு கிடந்தன. நடக்கிறதா, வாசனை தெரிகிறதா, அதிர்ச்சி உறைக்கிறதா என்று தனித்தனியாகப் பார்த்த பிறகுதான் மக்கு என்று யாரையும் சொல்லலாம்.

புதுச்சேரி, கொசு ஆய்வில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்:

எங்கள் காலத்தில் கேமரா இல்லை. கண்ணாடிக் குழாயின் ஒரு முனை வாயில், மறு முனை கொசுவின் மேல். உறிஞ்சிப் பிடித்து எண்ணுவோம். யானைக்கால் நோய் ஊரை ஆட்டிவைத்த நாட்கள் அவை. இப்போது இருட்டில் அகச்சிவப்பு விளக்கு போட்டு, கொசு பறக்கும் பாதையையே படம் வரைகிறார்கள்.

2018ல் ஒரு ஆய்வு வந்தது. டெங்கு பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசுவுக்கு ஒரு மனித வாடையைக் காட்டிக்கொண்டே, கையால் அடிக்கும்போது எழும் அதிர்வைப் போல ஒன்றைக் கொடுத்தார்கள். மறுநாளும் அது அந்த வாடையைத் தவிர்த்தது. மூளையில் சேதி கடத்தும் டோபமைன் என்ற வேதிப்பொருள் வேலை செய்யாதபடி மாற்றிய கொசுக்களால் இதைக் கற்க முடியவில்லை. வீட்டில் படித்துக் காட்டினேன். "அதான் உங்களையே கடிக்குது, ஒருநாளாவது எழுந்து அடிச்சிருக்கீங்களா?" என்றாள்.

மஞ்சக்குப்பம் டீச்சர்:

எல்லாருக்கும் நன்றி. பண்ருட்டி அண்ணே, உங்க பதிவை வகுப்புல வாசிச்சுக் காட்டினேன். காலாப்பட்டு தம்பி சொன்னது சுருக்குன்னு இருந்துச்சு. எங்க பழைய வீடியோவுல பாகு குடிச்சு வயிறு நெறைஞ்சு சும்மா உட்கார்ந்திருந்ததையும் வருகைன்னு எண்ணியிருக்கோம், பார்த்துட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு மறுபடி ஆரம்பிக்கிறோம். இந்தத் தடவை நீலத்துல வெறும் தண்ணி, மஞ்சள்ல பாகு, பழசை மறக்க எத்தனை நாள் ஆகுதுன்னு பார்க்க. நகப்பாலிஷ் அஞ்சு கலர் வாங்கியாச்சு. வேஷ்டியைக் கொல்லைப்பக்கம் காயப்போடச் சொல்லியாச்சு.