சிமுலேஷன்ல ஆடி பழகுனா நெஜத்துல முடிவெடுக்க வருமாங்கண்ணா?

அஸ்தம்பட்டி கேடட்:
காலேஜ் மூணாவது வருஷம், என்சிசி, ராணுவ ஆபீசர் தேர்வான எஸ்எஸ்பி-க்கு ரெடி ஆகிட்டு இருக்கேன். ஆர்மி ஆபீசருங்களுக்கு இப்ப கம்ப்யூட்டர் சிமுலேஷன்ல ட்ரெய்னிங்னு படிச்சேன். உயிர் பயமே இல்லாம ஸ்க்ரீன் முன்னாடி எடுக்கற முடிவு சண்டைல கை குடுக்குமா? போன கேம்ப்ல மேப் குடுத்து பத்து நிமிஷத்துல பிளான் சொல்லுன்னாங்க, எனக்கு வாயே வரல.

மலைக்கார ஹவில்தார்:
தம்பி, வாய் வராதது பயத்தால இல்ல, பழக்கம் இல்லாததால. எங்க காலத்துல ஸ்க்ரீன் ஏது, சாண்ட் மாடல் தான். மண்ணக் கொட்டி மேடு பள்ளம் புடிச்சு, ஆத்துக்கு நீலக் கோலப்பொடி, ரோட்டுக்கு நூலு, பாலத்துக்கு தீப்பெட்டி. பிளான் சொல்லி முடிக்கறதுக்குள்ள ஆபீசர் குச்சியால தீப்பெட்டிய தட்டி விட்டுட்டு "பாலம் போச்சு, இப்ப?"ம்பார். அந்த "இப்ப?" தான் ட்ரெய்னிங், மண்ணா ஸ்க்ரீனாங்கறது அப்புறம்.

பழைய வரைபடம்:
அண்ணன் சொல்றது நெஜம். 1824-லயே பழைய ஜெர்மன் நாடான பிரஷ்யாவோட ராணுவம் மேப் மேல கட்டைய நகத்தி, பகடை உருட்டி ஆபீசர்கள பழக்குச்சு. ஆனா தோத்தா அத ஒத்துக்கணும், இல்லாட்டி எல்லாமே வேஸ்ட். 2002-ல அமெரிக்கா பெருசா ஒரு பயிற்சி நடத்துச்சு, பாதி நெஜப் படை, பாதி கம்ப்யூட்டர். எதிரி பக்கம் ஆடுன ரிட்டயர்டு ஜெனரல் வான் ரைப்பர் ரேடியோவ தொடாம மோட்டார் சைக்கிள்ல ஆள் விட்டு தகவல் அனுப்பி, திடீர்னு அடிச்சு 16 கப்பல மூழ்கடிச்சிட்டார், கம்ப்யூட்டர்ல தான். நடத்துனவங்க கப்பல மறுபடி மெதக்க விட்டு ஆட்டத்த தொடர்ந்தாங்க, அவர் வெறுத்துப்போய் பாதில விலகிட்டார். எனக்கு இன்னும் ஆறல, அந்தத் தோல்விய உக்காந்து அலசிருந்தா அதுல எவ்வளவோ கத்துருக்கலாம்.

மலைக்கார ஹவில்தார்:
தம்பி, உனக்கு ஒரு கணக்கு. நல்ல மழை, ராத்திரி, ஏற்காட்டுல ஒரு பிரசவ கேஸ், சேலம் கொண்டு வரணும். 20 கொண்டை ஊசி வளைவு இருக்கற ரோட்ல நடுவுல மண் சரிஞ்சிருச்சு. கைல நாலு பேரு, ஒரு ஜீப்பு. பத்து நிமிஷம், பேப்பர்ல எழுது.

அஸ்தம்பட்டி கேடட்:
எழுதுனேங்கண்ணா. ஜீப்ப கீழ இறங்கற இன்னொரு வழியான குப்பனூர் ரோட்ல திருப்பிட்டேன், ரெண்டு பேர் கூட, ரெண்டு பேர் மேல நின்னு இறங்கற வண்டிய நிறுத்தறாங்க.

மலைக்கார ஹவில்தார்:
நல்லது. கீழ அடிவாரத்துலேருந்து ஏறி வர்ற வண்டிய யாரு நிறுத்துனா?

அஸ்தம்பட்டி கேடட்:
அய்யோ, அத யோசிக்கவே இல்லண்ணா. மறுபடி எழுதறேன்.