லிங்கன் நெடுஞ்சாலையை உண்மையில் போட்டது யார்?

பயணப்பித்தன்:
அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வேலை பார்க்கிறேன். இங்கே ஒரு பழைய சாலையோரத்தில் கான்கிரீட் தூண் ஒன்றைப் பார்த்தேன். நீல நிறத்தில் ‘எல்’ எழுத்து, கீழே லிங்கன் முகம் பதித்த வில்லை. தேடிப் பார்த்தால், நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை 5,400 கி.மீ. லிங்கன் நெடுஞ்சாலையை 1913இல் ஒரு சங்கம் போட்டது என்று எழுதியிருக்கிறார்கள். அரசு இல்லாமல் எப்படி முடிந்தது? பணம் ஏது?

சரளைமணி:
போடவே இல்லை தம்பி. இருந்த வண்டித்தடங்களைக் கோத்து ஒரு கோடு கிழித்தார்கள், பெயர் வைத்தார்கள், அப்புறம் வழியிலுள்ள ஊர்களையெல்லாம் விடாமல் நச்சரித்தார்கள். அந்த நச்சரிப்புதான் அவர்களுடைய சாதனை.

தொடங்கியவர் கார்ல் ஃபிஷர். கார் முகப்பு விளக்குக்கு வாயு அடைத்து விற்றுப் பணக்காரரானவர். 1912இல் கார்த் தொழில்காரர்களிடம் ஒரு கோடி டாலர் கேட்டார். கல்லும் சிமெண்டும் எங்கள் பொறுப்பு, கூலியாட்களும் கருவிகளும் அந்தந்த கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) பொறுப்பு என்பது கணக்கு. ஹென்றி ஃபோர்டு கையை விரித்துவிட்டார். கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்தால் ஜனங்கள் சாலைக்கு வரி கட்டவே மாட்டார்கள் என்றார். கஞ்சத்தனம் என்று சொல்லலாம், ஆனால் சொன்னது சரி. பேக்கார்டு கார் கம்பெனி ஹென்றி ஜாய் தலைமையில் 1913 ஜூலையில் அமைந்த லிங்கன் நெடுஞ்சாலைச் சங்கமும் கடைசியில், சாலைக்கு ஜனங்களின் வரிப்பணம்தான் என்ற அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது.

எனக்குப் பிடித்தது அவர்களுடைய ‘நாற்று மைல்’ உத்தி. சிமெண்ட் கம்பெனிகளிடம் இனாமாக சிமெண்ட் வாங்கி, ஒரே ஒரு மைல் மட்டும் கான்கிரீட் போடுவது. ஊருக்குள் அல்ல, ஊரைத் தாண்டி, நட்ட நடுச் சேற்றில்! முதலாவது 1914இல், இல்லினாயில் மால்டா பக்கம். ஒரு மைல் வழுக்கிக்கொண்டு போகும் வண்டி மறுபடி சேற்றில் இறங்கும்போது விவசாயிக்கு வருகிற கோபம் இருக்கிறதே, அதுதான் விளம்பரம். நானும் சாலை வேலையிலேயே தலை நரைத்தவன். திட்ட வரைபடத்தைக் காட்டி ஒரு பஞ்சாயத்தையும் சம்மதிக்க வைத்ததில்லை. பக்கத்து ஊர் சாலையைக் காட்டினால் மறுநாளே மனு வரும்.

பயணப்பித்தன்:
அப்படியானால் சங்கம் ஐந்து டாலருக்குக் கொடுத்த உறுப்பினர் சீட்டெல்லாம் எதற்கு?

சரளைமணி:
அலுவலகச் செலவுக்கும் பிரசாரத்துக்கும் உதவியிருக்கும். 5,400 கி.மீ.க்கு அது எந்த மூலைக்கு? ஊருக்கு ஒரு ‘கான்சல்’ வைத்திருந்தார்கள். பெரும்பாலும் கடை முதலாளி, வங்கிக்காரர், கராஜ்காரர் மாதிரி ஆட்கள், சம்பளம் கிடையாது. கம்பங்களில் சிவப்பு, வெள்ளை, நீலப் பட்டை அடிப்பதும், சாலை எப்படி இருக்கிறது என்று தகவல் சொல்வதும் இவர்கள் வேலை. சங்கத்தின் வழிகாட்டியில், ஓடையைக் கடக்குமுன் இறங்கி நடந்து ஆழம் பாருங்கள் என்றே அறிவுரை உண்டு.

1919இல் ராணுவ வண்டிகள் வாஷிங்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போக 62 நாள் பிடித்தது. முன்னால் வழிகாட்டிப் போனது சங்கத்தின் களச் செயலாளர் ஆஸ்டர்மன். கூட வந்த இளம் அதிகாரி ஐசன்ஹோவர். பின்னாளில் அதிபரானதும் 1956இல் நாடு தழுவிய விரைவுச்சாலைத் திட்டத்துக்குக் கையெழுத்திட்டவர் அவர்தான்.

உப்புக்காற்று:
ரொம்பப் புகழாதீர்கள் ஐயா. இதைப் பார்த்து, ஆளுக்கொரு சாலைக்குப் பெயர் வைக்கும் ‘தடச் சங்கங்கள்’ எத்தனை முளைத்தன! சந்தா கட்டும் ஊர் வழியாகச் சாலையை வளைத்தவர்கள் உண்டு, வசூலித்துவிட்டு ஒன்றும் செய்யாதவர்களும் உண்டு.

சரளைமணி:
உண்மைதான். லிங்கன் சங்கமே யூட்டாவில் அடி வாங்கியது. குட்இயர் டயர் கம்பெனித் தலைவர் சைபர்லிங் தந்த பணத்தில் பாலைவனத்தில் ஒரு குறுக்கு வழி தொடங்கினார்கள். மாநிலம் பாதியில் கைவிட்டு, தனக்கு லாபமான, எல்லை ஊரான வெண்டோவர் வழியாகப் போகும் பாதையைப் போட்டது. சங்கமும் பிற்பாடு அதையே ஏற்க வேண்டியதாயிற்று.

இந்தப் பெயர்க் குழப்பத்தை ஒழிக்கத்தான் 1925இல் சாலைகளுக்குப் பெயருக்குப் பதில் எண் கொடுக்கும் வேலை தொடங்கியது. லிங்கன் சாலையின் பெரும்பகுதி ‘யு.எஸ். 30’ என்ற எண்ணுள்ள சாலை ஆயிற்று. நீங்கள் பார்த்த தூண் அதற்கும் பிந்தியது. 1928 செப்டம்பர் 1 அன்று சாரணர் சிறுவர்கள் நாடு முழுக்க சுமார் 3,000 தூண்கள் நட்டார்கள்.

அயோவாவில்தான் இருக்கிறீர்கள் என்றால் டாமா ஊர்ப் பாலத்துக்குப் போய் வாருங்கள். 1915இல் கட்டியது. கைப்பிடிச் சுவரிலேயே சாலையின் பெயரைக் கான்கிரீட் எழுத்துகளாக வார்த்திருக்கிறார்கள்.